மழைக்கு முன்னமே கதவைத் தட்டுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பில் உள்ளூர் நிவாரண அமைப்பொன்றில் தொண்டராக இருக்கும் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் இம்முறை பதில் சொல்கிறார்.

வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக எங்கள் அலுவலகத்தில் பழைய உடுப்பு மூட்டை மூட்டையாகச் சேர்த்திருக்கிறோம். எங்கே அனுப்பலாம்?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

சேர்த்த மனதுக்கு நன்றி தங்கச்சி. ஆனால் உடுப்பு வேண்டாம். சுனாமி நேரத்தில் கல்லடிப் பக்கம் வந்து குவிந்த உடுப்பைப் பிரித்துப் பார்க்கவே ஆள் இல்லாமல் கிடந்தது. உடுப்புப் பிரிக்க உட்காரும் அதே பிள்ளைகள்தான் தண்ணீர்ப் போத்தல் இறக்கவும் வேண்டும், முகாமில் மலசலகூடம் கழுவவும் வேண்டும்.

பாடசாலையில் தங்கியிருக்கும் ஒரு பெண்ணுக்குத் தேவைப்படுவது புதிய உள்ளாடை, சுகாதாரத் துவாய், பிள்ளைக்குப் பம்பர்ஸ், படுக்க ஒரு பாய், நுளம்பு வலை. இதையெல்லாம் அவள் வரிசையில் நின்று இளந்தாரிப் பிள்ளைகளிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். அதனால் அந்தப் பொதியை எங்களில் ஒரு பெண்தான் கொண்டுபோய்க் கொடுப்போம், வெளியே தெரியாத பையில் போட்டு.

முடிந்தால் காசாக அனுப்புங்கள். செங்கலடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் கடை வைத்திருப்பவர்களும் அதே வெள்ளத்தில் நட்டப்பட்டவர்கள்தான். சாமானை அவர்களிடம் வாங்கினால் அந்தக் காசு ஊருக்குள்ளேயே சுற்றும். இன்னொன்று, முகாமில் இருக்கும்வரை சமைத்த சாப்பாடுதான் உதவும். அடுப்பில் சேறும் விறகில் ஈரமுமாக இருக்கிற வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தால் அந்தத் தாய் எதைவைத்துச் சமைப்பாள்? உலர் உணவுப் பொதி வீடு திரும்புகிற நாளுக்கு.

எனக்கு நீந்தத் தெரியும். அடுத்த வெள்ளத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு வந்து ஆட்களை மீட்க ஆசை. எப்படிச் சேர்வது?
– ஒரு மாணவன், ஆரையம்பதி

தம்பி, உங்களைப் போன்ற பிள்ளைகள் வேண்டும். ஆனால் வீதியைக் குறுக்கறுத்து ஓடுகிற வெள்ளம் நீச்சல் தெரிந்தவனையும் விடாது. முழங்கால் அளவு தண்ணீர்கூட இழுத்து விழுத்தும். 2024 நவம்பர் கடைசியில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில், உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மத்ரசாப் பிள்ளைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கும். உழவு இயந்திரம் பாரமானது, தண்ணீரைக் கடந்து போய்விடும் என்றுதான் எல்லாரும் நம்புகிறோம்.

கிரான் பாலத்துக்கு அப்பால் புலிபாய்ந்தகல் வீதி மூழ்கினால் அங்கே தோணி ஓட்டுகிறவர்களுக்குத்தான் எந்த இடத்தில் இழுவை, எங்கே வாய்க்கால் மறைந்து கிடக்கிறது என்று தெரியும். மீட்பு வேலையை அவர்களிடமும் கடற்படையிடமும் விடுங்கள். யாராவது அகப்பட்டதாகத் தெரிந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் சொல்லுங்கள். உங்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். கடைசிக் கேள்விக்கான பதிலையும் வாசியுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் கிணற்றை மோட்டர் போட்டு இரண்டு மூன்று தரம் இறைத்துவிட்டால் போதுமா?
– ஒரு வாசகர், தம்பிலுவில்

போதாது. உங்கள் ஊரில் அது கேடும் செய்யும்.

நாம் கடலோரத்து மணல் நிலத்தில் இருக்கிறோம். இங்கே நல்ல தண்ணீர் கீழே உள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நல்ல தண்ணீர் போய், உப்பு மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் இதுதான் நடந்தது. கிணறு துப்புரவாக்க எத்தனையோ பேர் பம்புகளோடு வந்தார்கள். ஒரே கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்ததில் சில கிணறுகளின் உப்பு கூடியது. பிற்பாடுதான், மெதுவாக இறையுங்கள், மழை நீர் தானாகக் கழுவ விடுங்கள் என்ற ஆலோசனை வந்தது. சுற்றி நிலம் ஊறிக்கிடக்கும்போது முழுவதும் இறைத்தால் கிணற்றுக் கட்டும் சரியலாம்.

அதனால் முதலில் மிதக்கிற குப்பையை அள்ளுங்கள். கலங்கல் தண்ணீரை அளவாக இறையுங்கள். பிறகு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். கிணற்றின் சுற்றளவையும் தண்ணீரின் ஆழத்தையும் பார்த்து அவர் குளோரின் அளவைச் சொல்வார், கண்மட்டத்தில் அள்ளிப் போடாதீர்கள். மலசலகூடக் குழி நிரம்பி வழிந்த தண்ணீர் கிணற்றுக்குள் போயிருக்கும், ஆகவே குளோரின் போட்ட பிறகும் கொதிக்கவைத்தே குடியுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இதை இரண்டு தரம் சொல்வேன்.

சேறு அள்ளப் போகிறவர்கள் காலில் புண் இருந்தால் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

உதவி கொடுக்கும்போது படம் எடுத்தால்தானே காசு தந்தவர்கள் நம்புவார்கள்?
– ஒரு தொண்டர், அக்கரைப்பற்று

கையொப்பமும் கடை பில்லும் போதும். சாமான் அடுக்கிய படம் எடுங்கள், பொதி கட்டும் படம் எடுங்கள். ஆனால் அரிசிப் பை வாங்கும் தாயின் முகத்தை எடுக்காதீர்கள். அவளுடைய மகள் நாளைக்கு அதே படத்தோடு பாடசாலைக்குப் போக வேண்டும்.

நீங்கள் தமிழ் ஊர்களுக்கு மட்டும்தான் செய்கிறீர்களா?
– ஒரு வாசகர், ஏறாவூர்

இல்லை. பாண்டிருப்பு, மருதமுனை, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிற கரை இது. முஸ்லிம் ஊருக்குப் போகும் சாப்பாட்டை அந்த ஊர்ப் பள்ளிவாசலில் அவர்களே சமைக்கிறார்கள், நாங்கள் அரிசியும் மரக்கறியும் கொடுத்துவிடுவோம். அவர்கள் எங்கள் பக்கம் வரும்போதும் அப்படித்தான்.

மழை இல்லாத மாதங்களில் உங்கள் தொண்டர்களுக்கு என்ன வேலை?
– ஒரு ஆசிரியை, வவுணதீவு

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் மிஸ். எங்கள் உண்மையான வேலை அப்போதுதான்.

வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் வீடு வீடாகப் போய் ஒரு கொப்பி எழுதுகிறோம். யார் நடக்க முடியாதவர், யார் இன்சுலின் போடுகிறார், யாருக்குப் பிரசவத் திகதி நவம்பரிலிருந்து தை மாதத்துக்குள் வருகிறது, யார் வீட்டில் தோணி இருக்கிறது. நான் மருத்துவமாதாகச் சைக்கிளில் திரிந்த காலத்துப் பழக்கம் இது. பிரசவம் கிட்டிய பெண்ணை வீதி மூழ்குமுன் கடல் பக்கத்து எழுவான்கரையில் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் இரவில் தோணி தேடி அலைய வேண்டாம். கிளினிக் கொப்பியையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் தொங்கவிடச் சொல்கிறோம். பையையும் நாங்களே கொடுக்கிறோம்.

மாடு இருக்கிறதா என்றும் கேட்கிறோம். அது வெளியூர்த் தொண்டர்களுக்கு விளங்குவதில்லை. மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தண்ணீருக்குள் நிற்கும் ஐயாவைத் திட்டுவார்கள். அவருக்கு இருக்கிற சொத்தே அதுதான். மாட்டைக் கட்ட மேட்டு நிலம் எங்கே என்று முன்னமே பேசிவைத்தால் அவர் தானாக வருவார். விளைந்த நெல்லையும் யோசிக்க வேண்டும். 2011 ஜனவரி வெள்ளம் பெரும்போக வயலை அழித்த பிறகு பல குடும்பங்களுக்கு நிவாரணப் பொதியைவிட விதைநெல்லே பெரிய உதவியாக இருந்தது.

உங்கள் மாணவர்களோடு இதைத் தொடங்க விரும்பினால் முதலில் கிராம சேவகரிடம் சொல்லுங்கள். கொப்பியில் ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும், மற்றது உங்களிடம். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட வேண்டாம், அதில் மற்றவர்களுடைய நோயெல்லாம் எழுதியிருக்கிறது.