பாடசாலைக் கடிதத்தை மகன் வாசிக்க வேண்டாம், தங்கச்சி

கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதிக்கு வந்து மூன்று மாதம் என்கிறீர்கள். 15 வயது மகனும் 13 வயது மகளும் பாடசாலை விட்டு வந்தால் அறையை விட்டு வெளியே வருவதில்லை, அவர்களை எங்கே அனுப்பலாம், எந்த ரியூசன் நல்லது, குளிர்கோட் எங்கே வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கூடவே, "பாடசாலைக் கடிதங்களை மகனே வாசித்துச் சொல்லிவிடுவான், அதில் கவலை இல்லை" என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருக்கிறது.

நான் 1996இல் வந்தேன். மகனுக்கு அப்போது 14 வயது. கணவருக்கு இரண்டு வேலை, எனக்கு ஒரு பேக்கரியில் இரவு வேலை. கடிதம் வந்தால் மகன் வாசிப்பான், தொலைபேசி அடித்தால் மகன் எடுப்பான். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை ஐந்து நிமிடம் பேசினார், முகத்தில் சிரிப்பே இல்லை. "கணக்கில் கொஞ்சம் கவனம் வேண்டுமாம்" என்று மகன் சொல்லி முடித்துவிட்டான். அவ்வளவு பேச்சு எப்படி இவ்வளவு சுருங்கியது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த மாதத்தில் 11 நாட்கள் மதியத்துக்குப் பிறகு அவன் வகுப்பில் இல்லை என்பதைத்தான் ஆசிரியை சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாய்தவறிச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ரொறன்ரோவில் தமிழ் இளைஞர் குழுக்களின் சண்டை செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்த காலம் அது. 1998இல் அந்த வன்முறைக்கு எதிராக நம் இளைஞர்களே கூடி ஓர் அமைப்பைத் தொடங்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. அன்றிரவு பேக்கரியில் தட்டு அடுக்கும்போது என் கை நடுங்கியதை நான் மறக்கவில்லை.

அவன் கெட்ட பிள்ளை அல்ல. வங்கி, வாடகை, மருத்துவர் எல்லாவற்றுக்கும் அவனைப் பேசவைத்தவர்கள் நாங்கள். வீட்டுக்கே அவனைப் பெரியவனாக்கிவிட்டு, எங்கே போனாய் என்று எந்த முகத்தோடு கேட்பது?

எங்களுக்கு அன்று வழிகாட்ட ஒருவரும் இல்லை. உங்களுக்கு இருக்கிறார்கள். நாளைக்கே பாடசாலை அலுவலகத்துக்குப் போய், குடியேற்றப் பணியாளர் யார் என்று கேளுங்கள். 'ஸ்விஸ்' (SWIS) என்று அந்தச் சேவையின் பெயரைச் சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்கும். புதிதாக வந்த குடும்பங்களுக்கென்றே மத்திய அரசின் நிதியில் நடக்கும் சேவை அது, கட்டணம் கிடையாது. ஸ்காபரோவில் தமிழ் பேசும் பணியாளர்களும் உண்டு. பெற்றோர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மகன் வீட்டிலேயே இருக்கட்டும்.

அந்தப் பணியாளரிடம் 40 மணிநேரம் பற்றியும் கேளுங்கள். நம் ஒன்றாரியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணிநேரம் சமூக சேவை செய்திருக்க வேண்டும். சம்பள வேலை கணக்கில் வராது, வீட்டு வேலையும் வராது. நம்மவர்களில் சிலர் தெரிந்தவரிடம் கையெழுத்து வாங்கித் தாளை நிரப்பிவிடுகிறார்கள். பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அறையை விட்டு வராத பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் ஏது? உணவு வங்கியில் டின் அடுக்கலாம், முதியோர் இல்லத்தில் பேச்சுத்துணைக்கு இருக்கலாம். என் மகள் முதியோர் இல்லத்துக்குப் போய்த்தான் வாய் திறந்து ஆங்கிலம் பேசினாள். அங்கே யாரும் அவளுடைய உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அடுத்தது நூலகம். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் இருக்கின்றன. அட்டை இலவசம், தாமதக் கட்டணத்தையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். சில கிளைகளில் பாடசாலை முடிந்த பிறகு இளைஞர்களுக்கென்று தனி இடம் உண்டு; வீட்டுப்பாடத்துக்கு உதவி, கணினி, கொறிக்க ஏதாவது எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். உங்களுக்கும் அங்கே ஆங்கில உரையாடல் வட்டங்கள் நடக்கின்றன. நான் 38 வயதில் போய் உட்கார்ந்தேன். ஒரு சீனத்து அம்மாவும் ஒரு சோமாலிய அம்மாவும் பக்கத்தில் இருப்பார்கள். மூவருக்கும் ஆங்கிலம் சரியாக வராது, ஆனால் மூவரும் பேசியது பிள்ளைகளைப் பற்றியேதான். அடுத்த ஆண்டுப் பெற்றோர் சந்திப்புக்கு நான் தனியாகப் போனேன். அந்தப் பெருமை இன்றும் என்னிடம் உண்டு.

மாநகர சமூக மையங்களில் கூடைப்பந்து, நீச்சல் எல்லாம் இருக்கிறது. பதிவு காலை 7 மணிக்குத் திறக்கும், நீச்சல் வகுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். வருமானம் குறைவென்றால் 'வெல்கம் பாலிசி' என்ற மாநகரக் கட்டண உதவிக்கு அதற்கு முன்பே விண்ணப்பித்து வையுங்கள். மகளை நீச்சலுக்குக் கட்டாயம் அனுப்புங்கள். ஏரிக்கரை ஊரில் நம் பெண்பிள்ளைகள் நீந்தத் தெரியாமல் வளர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உடை பற்றிப் பேசுகிறவர்கள் பேசட்டும்.

ரியூசன் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வந்து மூன்று மாதமான பிள்ளையின் சனியையும் ஞாயிறையும் ஏன் பறிக்க வேண்டும்? ஆங்கிலம் கற்கும் ஈ.எஸ்.எல். வகுப்பில் போட்டால் அவமானம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சான்றிதழுக்கு வேண்டிய நான்கு ஆங்கிலப் பாடங்களில் மூன்றுவரை அந்த வகுப்புகளாகவே இருக்கலாம். பக்கத்து நகரமான மார்க்கத்தில் பெரிய வீடு வாங்கிய பிறகு, தாங்களும் அந்த வகுப்பில் இருந்து வந்தவர்கள் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒன்று. 'கிட்ஸ் ஹெல்ப் போன்' என்ற இலவச உதவி எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்: 1-800-668-6868. 24 மணிநேரமும் ஆள் இருப்பார்கள். பிள்ளை உங்களிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்லட்டும். அதில் உங்களுக்கு ஒரு குறைவும் இல்லை.

குளிர்கோட்டை எந்தக் கடையிலும் வாங்கலாம், ஆனால் அக்டோபர் முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், பஸ் தரிப்பிடத்தில் காற்று எலும்பைப் பிடிக்கும். கையுறை இரண்டு சோடி எடுங்கள், ஒன்று எப்படியும் தொலையும். என் மகனின் முதல் கோட் யாரோ கொடுத்தது, கை இரண்டு அங்குலம் குட்டை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் மணிக்கட்டு சிவந்தே இருந்தது, ஏன் என்று நான் கேட்கவில்லை.