பேப்பரில் வராத நம்பர்

கேள்வி: பாலக்கோடு பக்கத்தில் கிராமம். 1995இல் உள்ளூர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதினேன். கணக்கில் போய்விட்டது. அடுத்த வருடமே கல்யாணம். இப்போது மூன்று கறவை மாடு, ஒரு ஏக்கர் தக்காளி. பெரிய குறை ஒன்றும் இல்லை. மூன்று மாதம் முன்பு கூடப் படித்தவர்கள் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து என்னையும் சேர்த்தார்கள். பெயர், படிப்பு, வேலை, ஊர் எல்லாம் போடச் சொன்னார்கள். ஓசூரில் சூப்பர்வைசர், பெங்களூரில் இன்ஜினியர், டீச்சர் என்று வரிசையாக வந்தது. நானும் ஏதோ வேகத்தில் 'பி.ஏ., குடும்பத் தலைவி' என்று போட்டுவிட்டேன். வரும் மே மாதம் பள்ளியிலேயே எல்லோரும் கூடப் போகிறார்கள். இந்த விவரங்களையெல்லாம் ஒரு மலராகவும் அச்சடிக்கிறார்களாம். என் பெஞ்சுத் தோழிக்கு மட்டும் உண்மை தெரியும். ரிசல்ட் அன்று அவளும் நானும்தான் பேப்பர் பார்த்தோம். அவளும் குரூப்பில் இருக்கிறாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று, எனக்குச் சின்ன வயதிலிருந்தே பல்லில் காவிக் கறை. நாலு பேரோடு போட்டோவுக்கு நிற்கவே கூச்சம். மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உட்காரும் ஒரு மணி நேரமும் இதே யோசனைதான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, குரூப்பிலிருந்தும் வெளியே வந்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

வெளியே வராதீர்கள். சந்திப்புக்கும் போங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு போன் பேச வேண்டியிருக்கிறது. யாரிடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு அதைப் பயமாக மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் பெஞ்சுத் தோழி நீங்கள் 'பி.ஏ.' என்று போட்டதைப் படிக்காமல் இருந்திருப்பாரா? படித்திருப்பார். "ஏய், நீ எப்படி காலேஜ் போனே?" என்று ஒரு வரி போட்டிருக்கலாம். விளையாட்டாகக் கேட்கும் உரிமைகூட அவருக்கு உண்டு. கேட்கவில்லை. குரூப்பில் அத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கும்போது, மூன்று மாதமாக உங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறார். இந்த மௌனத்தில் எனக்கு ஆபத்து எதுவும் தெரியவில்லை. பழைய சிநேகிதி பழைய சிநேகிதியாகவே இருக்கிறார், அவ்வளவுதான்.

பாஸானவர்களின் நம்பர் மட்டும் பேப்பரில் வரும் காலம் அது. எங்கள் வீட்டில் அண்ணனுக்காக நாங்களும் அப்படித் தேடியிருக்கிறோம். பொடிப்பொடியாக வரிசை வரிசையாக நம்பர்கள். முந்தின நம்பர் இருக்கும், அடுத்த நம்பர் இருக்கும், நம்முடையது மட்டும் இருக்காது. அச்சில் விட்டுப்போயிருக்குமோ என்று மறுபடி மேலிருந்து விரல் வைத்துக்கொண்டு வருவோம். அன்று உங்களோடு சேர்ந்து விரல் வைத்தவர் அவர். அவர் நம்பர் அதில் இருந்திருக்கும். அந்தச் சந்தோஷத்தை அன்று உங்கள் முன்னால் அவர் எப்படிக் காட்டாமல் இருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு உங்களைக் காப்பாற்றுவது புதிதில்லை.

அதனால் முதலில் அவரிடம் பேசுங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். "குரூப்புல அப்படிப் போட்டுட்டேன்டி, மாத்தணும்" என்றால் போதும். மீதியை அவர் பேசுவார்.

அடுத்து, மலர் தயாரிப்பவருக்குத் தனியாக ஒரு செய்தி. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குரூப்பில் போட்ட வரி மேலே போய் மறைந்துவிடும், அச்சில் ஏறியது வீட்டிலேயே இருக்கும். உங்கள் பள்ளி நாட்களைப் பற்றிய ஒரே புத்தகத்தைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் பீரோவுக்குள் மறைத்து வைக்க வேண்டிய நிலை உங்களுக்கு வரக் கூடாது. 'முன்பு தவறாகப் போட்டுவிட்டேன். என் படிப்பு பத்தாம் வகுப்பு. திருத்திவிடுங்கள்' என்று எழுதினால் போதும். ஏன், எப்படி என்று யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

திருத்தும்போது இன்னொன்றையும் சேர்த்துத் திருத்துங்கள். 'குடும்பத் தலைவி' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். மூன்று மாடு கறந்து, ஒரு ஏக்கர் தக்காளியைப் பறித்து மண்டிக்கு அனுப்புகிறவர் ஏன் விவசாயம் என்று போடவில்லை? படித்ததாகச் சொன்ன பொய்யைவிட, செய்கிற வேலையைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு அதிகம் வருத்தமாக இருந்தது. 'விவசாயம், கறவை மாடு' என்று போடுங்கள்.

கணக்கில் போய்விட்டது என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாது, எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். தை பிறந்தால் நம் பக்கம் புளி உலுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பங்குனி வரை ஓயாது. பொதுத் தேர்வும் அதே மார்ச்சில்தான். சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால் பெண் பிள்ளைகள் புளியைத் தட்டிக் கொட்டை எடுக்க உட்கார வேண்டும், கிலோ கணக்கில் கூலி. பையன்கள் புத்தகத்தோடு தெருவிளக்கடிக்குப் போவார்கள். முப்பத்தைந்து மார்க் தவறிய பல பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் மக்கு இல்லை. பத்தாவது பாஸாக வேண்டும் என்ற ஆசை இன்னும் இருந்தால், தனித்தேர்வராக இப்போதும் எழுதலாம், அரசுத் தேர்வுகள் இயக்ககம் அதற்கு அறிவிப்பு வெளியிடும். ஆனால் உங்களுக்காக எழுதுங்கள், குரூப்புக்காக வேண்டாம்.

அப்புறம் பல். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர் விஷயம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல கிராமங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது என்பது கணக்கு. நிலைப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், ஏழெட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தால் பல்லின் மேல்பூச்சிலேயே குறை விழுந்துவிடும், பிறகு காவி ஏறும். வேப்பங்குச்சியோ பற்பொடியோ என்ன தேய்த்தாலும் போகாது. சரியாகப் பல் விளக்காததால் வந்தது இல்லை இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. 1995இல் பத்தாவது எழுதிய நீங்கள் எல்லோரும் கிணற்றையும் கைப்பம்பையும் நம்பி வளர்ந்தவர்கள்.

யாரிடமாவது பழைய வகுப்புப் போட்டோ இருந்தால் குரூப்பில் போடச் சொல்லுங்கள். எத்தனை பேர் வாய் திறந்து சிரிக்கிறார்கள் என்று எண்ணுங்கள். என் வகுப்புப் போட்டோவில் ஒருவர் பல்லும் தெரியாது. சிரிக்கச் சொன்னதும் அத்தனை பேரும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றோம். நாம் மட்டும்தான் மறைக்கிறோம் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். இன்று பளிச்சென்று தெரிகிறவர்களில் சிலர் பல் டாக்டரிடம் போயிருக்கலாம். அதில் தப்பே இல்லை, விருப்பமிருந்தால் நீங்களும் போய்க் கேளுங்கள். ஆனால் சந்திப்புக்கு முன்னால் அவசரமாக வெளுக்க வேண்டும் என்று கண்ட மருந்தையும் வைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். நான் படித்தது கிருஷ்ணகிரிப் பக்கம். 2004இல் மாவட்டம் பிரிவதற்கு முந்தைய காலம் என்பதால் எங்கள் சான்றிதழ்களில் இன்னும் தர்மபுரி மாவட்டம்தான். சில வருடம் முன்பு நாங்களும் கூடினோம். ஒவ்வொருவராக மேடையேறி என்ன படித்தேன், என்ன வேலை, பிள்ளைகள் எங்கே என்று சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. மத்தியானம் வரை அதுவே ஓடியது. எட்டாம் வகுப்பில் எனக்குக் கிளிமூக்கு மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பங்கு கொடுத்த பையன், லாரி ஓட்டுகிறவர், தன் முறை வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். சாப்பிடக்கூட இல்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன். அவர் போனதை இலை போடும்போதுதான் கவனித்தேன். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

அதனால் உங்கள் குரூப்பை நடத்துகிறவர்களிடம் நான் கேட்டதாகவே சொல்லுங்கள். மேடை அறிமுகம் வேண்டாம். அதே வகுப்பறையில், அதே பெஞ்சு வரிசையில் எல்லோரும் போய் உட்காரட்டும். யார் பக்கத்தில் யார், எந்த ஜன்னல், மழையில் எந்த ஓடு ஒழுகும், பிரேயரில் யார் மயங்கி விழுந்தது, எந்தச் சார் எந்தப் பெயர் வைத்துக் கூப்பிட்டார் என்று பேச்சு தானாக வரும். அதில் பாதி உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். ஊரைவிட்டுப் போனவர்கள் மறந்ததை, தினமும் அந்தப் பள்ளி வழியாகப் பால் கொண்டுபோகிறவர் மறந்திருக்க மாட்டார்.

போட்டோவுக்குத் தோழியின் பக்கத்தில் நில்லுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

சரி, இப்போது அந்தப் போன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உட்காரும் அந்த ஒரு மணி நேரத்தில், இன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள்.