8 ஜிபி பென்டிரைவுக்கு 1,200 ரூபாயா?

கேள்வி: கோத்தகிரி அருகே கட்டபெட்டு பக்கம் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். ஐப்பசி மழையில் கம்பி மேல் மரம் விழுந்து கரண்ட் போனபோது, லேப்டாப்பில் விண்டோஸ் 11 அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி பழசு, சார்ஜரைப் பிடுங்கினாலே அணைந்துவிடும். அன்றிலிருந்து நீலத்திரை வருகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, மறுபடியும் நீலத்திரை. கடையில், "ஃபார்மேட் பண்ணணும், 1,800 ரூபாய். இல்லேன்னா பூட்டபிள் பென்டிரைவ் 1,200-க்குத் தர்றோம், அதை வெச்சு நீங்களே விண்டோஸைப் போட்டுக்கலாம்" என்கிறார்கள். இரண்டு வருஷ இலைக் கணக்கும் மகளின் கல்யாணப் போட்டோக்களும் உள்ளே இருக்கின்றன. பென்டிரைவை வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஃபார்மேட்டுக்கும் இப்போதைக்குத் தலையாட்டாதீர்கள்.

அந்த 1,200 ரூபாயில் உங்கள் கைக்கு வருவது ஒரு பென்டிரைவ் மட்டும்தான். அதில் இருக்கும் விண்டோஸ் கோப்புகளை மைக்ரோசாஃப்டே தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. "லைசென்ஸோடு சேர்த்து" என்று சொன்னாலும் மயங்க வேண்டாம். விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் லைசென்ஸ் அதனுடனேயே இருக்கும். அதே பதிப்பை மறுபடி போட்டு இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். யாரோ தயாரித்த பென்டிரைவில் விண்டோஸோடு வேறு என்ன சேர்ந்து வருகிறது என்பது அவருக்கே வெளிச்சம்.

பென்டிரைவே தேவைப்படாமலும் போகலாம். லேப்டாப்பை ஆன் செய்து, விண்டோஸ் ஏற ஆரம்பித்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு, மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸின் மீட்புத் திரை தானே வரும். அதில் டிரபிள்ஷூட், அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொடுத்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். பாதியில் நின்ற அப்டேட்டைக் கழற்றி எடுப்பது அதுதான். உங்கள் கதைக்கு அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

அந்தத் திரையே வரவில்லை என்றால்தான் பென்டிரைவ். 8 ஜிபி போதும். பில்லோடு புதிதாக வாங்கினாலும் கடையில் கேட்ட தொகையில் பாதிகூட ஆகாது. உறவினர் வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11-க்கான மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓட்டுங்கள். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஜாக்கிரதை. இறங்குவது சில ஜிபி அளவு. தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவை நம்பி உட்கார்ந்தால் பாதியில் தொங்கும். ஃபைபர் இணைப்பு உள்ள வீடாகப் பாருங்கள்.

பென்டிரைவைச் செருகிவிட்டு, ஆன் செய்ததும் பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். எதிலிருந்து கம்ப்யூட்டர் கிளம்ப வேண்டும் என்று கேட்கும் பட்டியல்தான் பூட் மெனு; அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டெல், லெனோவோவில் பொதுவாக எஃப்12; ஹெச்பியில் எஃப்9; அசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். மொழியும் கீபோர்டும் கேட்ட பிறகு வரும் திரையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இன்ஸ்டால், ரிப்பேர் என்று இரண்டு வழி இருக்கும். இன்ஸ்டாலைத் தொடாதீர்கள். ரிப்பேருக்குள் போனால் மேலே சொன்ன அதே டிரபிள்ஷூட் பக்கம்தான்.

கணக்கையும் போட்டோவையும் முதலில் வெளியே எடுத்துவிடலாம். அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் தெரியும். வலது கிளிக்கில் காப்பி செய்து, இன்னொரு பென்டிரைவில் பேஸ்ட் செய்ய வேண்டியதுதான். சி டிரைவ் அங்கே டி என்றோ இ என்றோ தெரியலாம், பதற வேண்டாம். கடையில் இந்த வித்தையை யாரும் சொல்வதில்லை!

நடுவில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க எண்ணைக் கேட்டால், மொபைலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றனவே, அப்போது பெரிய நிறுவனங்களின் ஆட்களே இந்த எண்ணைத் தேடித்தான் அலைந்தார்கள்.

இவ்வளவும் செய்ய நேரமில்லை என்றால் கடையில் கொடுப்பதும் தப்பில்லை. உழைப்புக்குக் கூலி நியாயம்தான். ஆனால் டேட்டாவை எடுத்த பிறகே கை வைப்போம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஹார்டு டிஸ்க்கே 'டக் டக்' என்று சத்தம் போட்டால் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்யாமல் அணைத்துவிட்டு, டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். பழைய பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அடுத்த மழைக்கும் மரம் விழத்தான் போகிறது.

கேள்வி: ஆன்லைனில் 599 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் வாங்கினேன். காப்பி ஆகிறது, பிறகு திறந்தால் ஃபைல் திறக்கவில்லை. – கூடலூர் வாசகர்

பதில்: அது 2 டிபி இல்லை. உள்ளே சில ஜிபிதான் இருக்கும். அளவைப் பொய்யாகக் காட்டும்படி சிப்பை மாற்றியிருப்பார்கள். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் பென்டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். அந்த முடிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேக்கிங் அட்டையையும் பில்லையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.