ஜூம் கற்றுக்கொடுத்தாகிவிட்டது, அப்புறமும் வகுப்பு ஏன் மாறவில்லை?

கேள்வி: ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சென்ற ஆண்டு மூன்று நாள் எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) நடத்தினோம். ஜூம், கூகுள் கிளாஸ்ரூம், பாடங்களை இணையத்தில் வைத்து நடத்த உதவும் மூடுல் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் வகுப்பில் எதுவும் மாறவில்லை. பிபிடியைப் பகிர்ந்துவிட்டு ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். சில முதுநிலை வகுப்புகளில் பாதி மாணவர்கள் நேரிலும் பாதிப் பேர் இணையத்திலும் இருக்கிறார்கள். அங்கே நிலைமை இன்னும் மோசம். இந்த ஆண்டு ஐந்து நாளும் கொஞ்சம் பணமும் தருவதாக நிர்வாகம் சொல்கிறது. எப்படித் திட்டமிடலாம்?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து நாளையும் தொடர்ந்து ஒரே வாரத்தில் வைக்காதீர்கள். ஒரு பருவம் முழுக்கப் பரப்பி வையுங்கள். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

உங்கள் ஆசிரியர்களுக்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. தெரியாதது, திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது. நம்மில் பெரும்பாலோர் இணையவழிக் கற்பித்தலைப் பழகியதே 2020 ஊரடங்கில்தான். ஒரே வாரத்தில் கரும்பலகையிலிருந்து கைபேசிக்கு மாறினோம். அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் ஹாட்ஜஸும் அவருடைய சகாக்களும் அந்த ஆண்டு மார்ச்சிலேயே இதை ‘அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல்’ என்று குறிப்பிட்டு, திட்டமிட்டு நடத்தும் இணையவழிக் கல்வி வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். அந்த அவசரத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம்தான் இன்றும் வகுப்பில் நடக்கிறது. அது ஒரே வாரப் பயிற்சியில் போகாது.

இன்னொரு காரணமும் உண்டு. பள்ளி ஆசிரியருக்கு பி.எட். இருக்கிறது, பாடம் நடத்துவதை யாராவது பின்னால் உட்கார்ந்து பார்த்துத் திருத்தியிருப்பார்கள். கல்லூரி ஆசிரியர் நெட், செட் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டத்தோடு நேராக வகுப்புக்குள் வருகிறார். தன் பாடத்தில் அவர் ஆழங்காற்பட்டவராக இருக்கலாம். ஆனால் அவர் நடத்துவதைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னவர் யாரும் இருக்க மாட்டார். ஆகவே உங்கள் பயிற்சியின் பாதி, மென்பொருளுக்கு முந்திய விஷயம்.

தொடக்கம் இப்படி இருக்கட்டும்: ஆசிரியர்களை இரண்டு வாரம் இணைய மாணவர்களாக்குங்கள். மூடுலில் ஒரு சிறு படிப்பைத் திறந்து, மாலையில் வீட்டிலிருந்து, கைபேசியில் மட்டும் சேரச் சொல்லுங்கள். மடிக்கணினி வேண்டாம். ஒரு காணொளி பார்க்கட்டும், ஒரு கேள்விக்குக் கையால் எழுதிப் படமெடுத்து ஏற்றட்டும், நேரலையில் ஒருவர் நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசுவதைக் கேட்கட்டும். அந்த நாற்பது நிமிடம் மட்டும் வேண்டுமென்றே வைப்பது. பிபிடியில் பதினான்கு புள்ளி எழுத்தைக் கைபேசியில் படிக்க முடியாது என்று நீங்கள் பத்து முறை சொல்லியும் மாறாதவர், ஒரு முறை படிக்க முயன்றால் அடுத்த நாளே எழுத்தைப் பெரிதாக்கிவிடுவார். படத்தோடு ஓடும் ஒரு மணி நேர நேரலைக்கு அரை ஜிபிக்குக் குறையாமல் செலவாகும். நாளுக்கு ஒன்றரை ஜிபி வைத்திருக்கும் மாணவர் கேமராவை ஏன் அணைக்கிறார் என்பதும் அப்போதுதான் உறைக்கும். மூடுலை 2002இல் வெளியிட்ட மார்ட்டின் டூகியாமஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆளரவமற்ற பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதில் வானொலி வழியாகப் பாடம் கேட்டவர். தூரத்தில் உட்கார்ந்து படித்தவரின் கையிலிருந்து வந்த மென்பொருள் அது.

அடுத்தது, ஒரே ஓர் அலகு. ஒவ்வொருவரும் அடுத்த பருவத்தில் தாம் நடத்தப்போகும் பாடத்திலிருந்து ஓர் அலகை மட்டும் எடுத்துக்கொண்டு, எதை நேரலையில் செய்வது, எதை மாணவர் தன் நேரத்தில் செய்வது என்று பிரிக்கட்டும். விளக்கம், வரையறை, சமன்பாட்டைப் படிப்படியாக வருவித்தல் எல்லாம் பதிவாக இருக்கலாம். சந்தேகம், விவாதம், கணக்குப் போட்டுப் பார்ப்பது எல்லாம் நேரலைக்கு. பதிவுகளையும் எல்லாரும் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. ஐஐடி ஆசிரியர்களின் விரிவுரைகளைத் தரும் என்.பி.டி.இ.எல். 2003 முதல் இருக்கிறது, மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயம் 2017 முதல் இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2021 விதிமுறைப்படி ஒரு பருவப் படிப்புகளில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகவே கிரெடிட் பெறலாம். நல்ல விரிவுரை ஏற்கெனவே கிடைக்கும் இடத்தில், உங்கள் ஆசிரியர் அதற்கு முன்னும் பின்னும் என்ன கேட்பது என்று யோசிக்கட்டும்.

தாமே பதிவு செய்தால், சிறியதாக. எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட தரவை ஆராய்ந்து பிலிப் குவோ குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பேர் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. அதே ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப்பட்டது வேறு: ஒரு மணி நேர விரிவுரையைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் துண்டுபோடுவதைவிட, முதலிலேயே சிறு துண்டாக யோசித்து எடுத்தவை மாணவரை அதிகம் பிடித்து வைத்தன. கத்தரிக்கோல் வேலையைப் பதிவுக்கு முன்னால், காகிதத்திலேயே செய்துவிட வேண்டும். ஐஐடி மும்பையில் சஹானா மூர்த்தி, ஸ்ரீதர் ஐயர் உள்ளிட்டோர் வகுத்த, மாணவரை மையமாக வைக்கும் எல்.சி.எம். என்ற இணையப் படிப்பு முறையில் ஒவ்வொரு காணொளிக்கும் நடுவே ஒரு நிறுத்தம் வரும்: ‘இங்கே நிறுத்தி, உங்கள் விடையை எழுதிவிட்டு வாருங்கள்.’ இதை உங்கள் ஆசிரியர்கள் ஒரே மதியத்தில் பழகிவிடலாம்.

இப்போது ஹைபிரிட் வகுப்பு, அதாவது பாதிப் பேர் நேரிலும் பாதிப் பேர் இணையத்திலும் இருப்பது. நீங்கள் சொல்வது சரி, இது இரண்டு வகுப்பை ஒரே நேரத்தில் நடத்துவது. இங்கே முதலில் கெடுவது ஒலிதான். படம் மங்கினால் மாணவர் பொறுத்துக்கொள்வார். குரல் கேட்கவில்லையென்றால் எழுந்து போய்விடுவார். ஆசிரியரின் குரல் போகிறது, சரி. முன் வரிசை மாணவி ஒரு கேள்வி கேட்கிறாள், ஆசிரியர் பதில் சொல்கிறார், வகுப்பு சிரிக்கிறது. திரையில் இருக்கும் இருபது பேருக்குக் கேள்வியும் கேட்கவில்லை, சிரிப்பின் காரணமும் தெரியவில்லை. இது நாலு முறை நடந்தால் அந்த வகுப்பு தங்களுக்கானதில்லை என்று முடிவு செய்துவிடுவார்கள். அறையில் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியையும் மைக்கில் திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் தொடங்குவதை மட்டும் பழக்கமாக்கிவிட்டால், பயிற்சிக்குச் செலவழித்த நேரம் வீணில்லை.

காத்திருக்கவும் பழக வேண்டும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டார். மூன்று நொடி காத்திருந்தாலே பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். இணையத்தில் மூன்றும் போதாது. குரல் போய்ச் சேர வேண்டும், மாணவர் யோசிக்க வேண்டும், மியூட்டை எடுக்க வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். முதல் கேள்வியைத் திரையில் இருப்பவரிடம், பெயர் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது. சாட் பெட்டியை ஆசிரியரே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வாரம் ஒரு மாணவர் அதைப் பொறுப்பெடுத்து, அங்கே வரும் கேள்வியைக் கைதூக்கிச் சொல்லட்டும். கரும்பலகையைக் கேமராவில் காட்டும் முயற்சி பெரும்பாலும் தோற்கும். பலகையில் எழுதியே ஆக வேண்டிய கணிதம், இயற்பியல் ஆசிரியர்களுக்கு எழுதுகோலோடு ஒரு டேப்லெட் வேண்டும்.

இதற்கான பயிற்சி சொற்பொழிவில் நடக்காது. நுண்ணிலைக் கற்பித்தலை (மைக்ரோடீச்சிங்) கையிலெடுங்கள். 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கி நம் பி.எட். கல்லூரிகளுக்கு வந்து நிலைத்த பழைய முறை. ஒருவர் பத்து நிமிடம் நடத்துகிறார். சகாக்களில் நாலு பேர் அறையில், நாலு பேர் கைபேசியோடு வேறு கட்டடத்தில். முடிந்ததும் முதலில் பேச வேண்டியவர்கள் தூரத்தில் இருந்த நாலு பேர். ‘எப்போது கவனம் போனது?’ என்ற ஒரே கேள்வி போதும். அப்புறம் அவர் அதே பத்து நிமிடத்தை மறுபடி நடத்த வேண்டும். இந்த இரண்டாம் முறைதான் கற்பிக்கிறது. நேரமில்லை என்று அதை விட்டுவிடாதீர்கள்.

மூத்த பேராசிரியர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் வரும். முப்பது ஆண்டு நடத்தியவர், இளையவர்கள் முன்னால் மியூட் எடுக்கத் தெரியாமல் நிற்க விரும்ப மாட்டார். அவர்களுக்குத் தனியாக, முன்கூட்டியே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஓர் இளைய ஆசிரியரோடு ஜோடி சேர்த்துவிட்டால், மூத்தவருக்குக் கருவி பழகும், இளையவருக்குக் கேள்வி கேட்கும் கலை பழகும். பதிவு பற்றிய பயமும் உண்மையானது, குறிப்பாகப் பெண் ஆசிரியர்களுக்கு: யார் பார்ப்பார்கள், எங்கே வெட்டி ஒட்டுவார்கள் என்று. பயிற்சிப் பதிவுகள் பணி மதிப்பீட்டுக்குப் போகாது, பருவம் முடிந்ததும் அழிக்கப்படும் என்று முதல்வரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது கைக்கு வரும்வரை பதிவே வேண்டாம்.

ஐந்து நாள் கணக்கு இப்படி: பருவத்துக்கு முன் இரண்டு நாள், அலகு பிரிக்கவும் நுண்ணிலைப் பயிற்சிக்கும். பாடம் தொடங்கி நாலாம் வாரம் ஒரு நாள், எட்டாம் வாரம் ஒரு நாள். இடையில் ஒவ்வொருவரும் இன்னொருவரின் ஹைபிரிட் வகுப்பில் ஒரு முறை திரைப் பக்கமிருந்து உட்கார்ந்து, எத்தனை மாணவர் பேசினார்கள், அதில் இணையத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணிக்கொண்டு வர வேண்டும். கடைசி நாள் பருவ முடிவில், அந்த எண்களையும், எந்த வாரத்திலிருந்து வீட்டுப்பாடம் வருவது குறைந்தது என்ற மூடுல் பதிவையும் மேசையில் வைத்துப் பேச. ‘பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று நிரம்பி வரும் கருத்துப் படிவத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். பதவி உயர்வுக்கு உதவும் சான்றிதழை எட்டாம் வாரத்துக்குப் பிறகே கொடுங்கள்.

பணத்தை முதலில் மைக்கில் போடுங்கள். ஸ்மார்ட் போர்டு விற்க வருபவர் நன்றாகப் பேசுவார். அறையின் நாலு மூலையிலிருந்தும் குரலைப் பிடிக்கும் மைக், ஒரு ஸ்பீக்கர், இரண்டு டேப்லெட் வாங்கியபின் மிச்சம் இருந்தால் அவரைப் பாருங்கள். வாங்கும் முன், உங்கள் வகுப்பறையிலேயே மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, கடைசிப் பெஞ்சில் ஒருவரைப் பேசச் சொல்லி, வேறொருவர் வீட்டிலிருந்து கேட்டுப் பார்க்கட்டும்.