சிலை நிற்கும், சாயம் நிற்காதா?

கேள்வி: அமெரிக்காவில் காவலரின் முழங்காலுக்கு அடியில் உயிரிழந்த ஜார்ஜ் ஃப்ளாய்டின் முகத்தை ஊர் ஊராகச் சுவர்களில் வரைந்தார்கள். வாஷிங்டனில் ஒரு தெருவையே மஞ்சள் எழுத்தால் நிரப்பினார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் அதைப் பெயர்த்தும் எடுத்துவிட்டார்கள். சிலையாவது நிற்கும். வெயிலுக்கும் மழைக்கும் தாங்காத சாயத்தை நினைவுச்சின்னம் என்பது மிகையில்லையா? அதனால் இனவெறி ஒழிந்துவிட்டதா?
— வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: ‘சிலையாவது நிற்கும்’ என்ற உங்கள் நம்பிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். அடிமை வணிகத்தில் செல்வம் குவித்த எட்வர்ட் கோல்ஸ்டனுக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1895-இல் வைக்கப்பட்ட வெண்கலச் சிலை 125 ஆண்டுகள் நின்றது. 2020 ஜூன் 7 அன்று ஆர்ப்பாட்டக்காரர்கள் அதைக் கயிறு கட்டிச் சாய்த்து, உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் ஃபிலடெல்ஃபியா நகர நிர்வாகம், காவல்துறை ஆணையராகவும் பின்னர் மேயராகவும் இருந்த ஃபிராங்க் ரிஸ்ஸோவின் சிலையை இரவோடிரவாக அகற்றியது. அவர் காலத்துக் காவல்துறையின் கெடுபிடியைக் கறுப்பின மக்கள் மறக்கவில்லை. அதே ரிஸ்ஸோவுக்கு அந்நகரின் இத்தாலியச் சந்தையில் பெரிய சுவர் ஓவியமும் இருந்தது. 1995-இல் வரையப்பட்ட அதையும் அந்த வாரமே பூசி மறைத்தார்கள். சுவரில் வரைந்துவிட்டாலே நியாயம் அதன் பக்கம் வந்துவிடும் என்று நான் வாதாடப்போவதில்லை என்பதற்காகவே இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? அந்த ஓவியம் எந்த இடத்தில் இருக்கிறது, அது எதை மறுத்துப் பேசுகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். மினியாபொலிஸில் 38-ஆம் தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. ஃப்ளாய்டு கொடுத்த 20 டாலர் கள்ளநோட்டு என்ற சந்தேகத்தில் காவல்துறைக்குத் தொலைபேசி அழைப்பு போனது அந்தக் கடையிலிருந்துதான்; 2020 மே 25 அன்று 46 வயதான அந்த மனிதர் ஒன்பதரை நிமிடம் தரையோடு அழுத்தப்பட்டதும் அந்த வாசலுக்கு வெளியேதான். மூன்றே நாட்களில் ஸீனா கோல்ட்மன், கேடெக்ஸ் ஹெரேரா, கிரேட்டா மெக்லேன் என்ற ஓவியர்கள் வேறு சிலரின் துணையோடு அதே கடையின் பக்கச் சுவரில் அவரை வரைந்தார்கள். நீலப் பின்னணியில் அவருடைய பெயர் பெரிய எழுத்துகளில் இருக்கிறது. அவருடைய தலைக்குப் பின்னால் ஒரு சூரியகாந்திப் பூ விரிந்திருக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் அது ஒரு புனிதரின் ஒளிவட்டம் போலத்தான் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால், பூவின் நடுவே விதைகள் இருக்க வேண்டிய கரும்பரப்பில், காவலர்களின் கையால் இறந்த மற்றக் கறுப்பினத்தவரின் பெயர்கள் எழுதப்பட்டிருப்பது தெரியும். ஒருவருக்கு அஞ்சலி என்று நினைத்து அருகில் போகிறவர் ஒரு பட்டியலைப் படித்துவிட்டுத் திரும்புகிறார்.

அந்தச் சுவர் எதை மறுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாய்டு இறந்ததும் மினியாபொலிஸ் காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கையின் தலைப்பு, காவலர்களுடனான சந்திப்பின்போது ‘மருத்துவ நிகழ்வு’ ஒன்றையடுத்து ஒருவர் இறந்தார் என்பதுதான். முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. 17 வயதுப் பெண் ஒருத்தி தன் கைபேசியில் பதிவுசெய்த காணொளி வெளிவந்திராவிட்டால், அரசுக் கோப்பில் அந்தச் சொல்லே நிலைத்திருக்கும். காணொளி பொய்யை உடைத்தது. ஆனால் அதை நாள்தோறும் திரும்பப் பார்க்க எந்த மனமும் தாங்காது. கடைக்குப் பால் வாங்க வருகிற அக்கம்பக்கத்தார் தினமும் பார்க்கக்கூடிய வடிவில், செத்துக்கொண்டிருக்கும் உடலாக அல்லாமல் ஒரு முகமாக, அவரை அதே இடத்தில் நிறுத்தியது சுவர் ஓவியம்தான்.

வாஷிங்டனின் மஞ்சள் எழுத்து இதிலிருந்து வேறுபட்டது; உங்கள் கேள்வி இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. 2020 ஜூன் 5 அன்று மேயர் மியூரியல் பௌசரின் நிர்வாகமே, வெள்ளை மாளிகைக்குச் செல்லும் 16-ஆம் தெருவில், ‘கறுப்பின உயிர்களும் உயிர்களே’ என்ற பொருள்படும் முழக்கத்தை 35 அடி உயர எழுத்துகளில் தீட்டச் செய்தது. அந்த முழக்கத்தையே பெயராகக் கொண்ட இயக்கத்தின் உள்ளூர்க் கிளை மகிழ்ந்துபோகவில்லை. கொள்கை மாற்றத்திலிருந்து கவனத்தைத் திருப்பும் வெறும் காட்சி இது என்று கண்டித்தது. காவல்துறைக்குத் தரும் நிதியைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கையை அதே மஞ்சள் நிறத்தில் பக்கத்திலேயே போராட்டக்காரர்கள் தாங்களாகவே எழுதிச் சேர்த்தார்கள். 2025-இல் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர், எழுத்தை அகற்றாவிட்டால் நகரத்துக்கான மத்தியப் போக்குவரத்து நிதியை நிறுத்தும் மசோதாவைக் கொண்டுவந்ததும், எழுதச் செய்த அதே மேயர் அதை அகற்ற இசைந்தார். மார்ச் 10 அன்று இயந்திரங்கள் சாலையைக் குடையத் தொடங்கின. அரசு தூரிகை பிடித்து எழுதியதை அரசே நிதிக்கு அஞ்சிப் பெயர்த்தது. இதைச் சாயத்தின் பலவீனம் என்று நீங்கள் எழுதினால் சாயத்துக்குத்தான் அநீதி. பார்க்க வந்தவர்களில் சிலர் மஞ்சள் ஒட்டியிருந்த தார்த் துண்டுகளைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துப்போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வெயிலையும் மழையையும் சொன்னீர்கள், இடியை விட்டுவிட்டீர்கள். ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் ஃப்ளாய்டின் ஓவியம் இருந்த செங்கற்சுவர் 2021 ஜூலையில் சரிந்து குவியலானது. மின்னல் தாக்கியதைப் பார்த்ததாக நேரில் கண்டவர்கள் சொன்னார்கள். சுவரே நாள்பட்டு உளுத்திருந்தது என்றார் நகரக் கட்டட ஆய்வாளர். சுவர் ஓவியம் அழியும் என்பதை யாரும் மறுக்கவில்லை. சிகாகோவின் தென்பகுதியில் கறுப்பின ஓவியர்கள் 1967-இல் தீட்டிய ‘மரியாதைச் சுவர்’ 1971-இல் நேர்ந்த தீயோடு முடிந்துபோனது. ஆனால் அது தீட்டப்பட்ட அடுத்த ஆண்டிலேயே, 1968-இல், டெட்ராய்ட்டில் ‘கண்ணியச் சுவர்’ எழும்ப அது காரணமாயிருந்தது.

அழியும் என்பதால்தான் அதற்கு ஆள் தேவைப்படுகிறது. வெண்கலச் சிலையை நிறுவியவர் திறப்பு விழாவுக்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே வேண்டியதில்லை. மினியாபொலிஸ் முனையில் அக்கம்பக்கத்தார், சுவரடியில் வைக்கப்படும் கடிதங்கள், ஓவியங்கள், பொம்மைகள் ஆகியவற்றை மழையிலும் பனியிலும் நாசமாகாமல் எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். அங்கே குப்பை என்று எதையும் தள்ளுவதில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் காணிக்கை என்பது அவர்களுடைய விதி.

இனவெறி ஒழிந்ததா என்றால், இல்லை. வரைந்தவர்கள் அப்படி வாக்குக் கொடுக்கவும் இல்லை. டெரெக் ஷோவின் என்ற அந்தக் காவலருக்கு 2021-இல் இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. காணொளியும் சாட்சிகளும் தெருவில் திரண்ட மக்களும் இல்லாமல் அது நடந்திருக்காது. காவல்துறையைச் சீர்திருத்த ஃப்ளாய்டின் பெயரிலேயே எழுதப்பட்ட மசோதா அதே ஆண்டு பிரதிநிதிகள் அவையில் நிறைவேறி, செனட்டைத் தாண்ட முடியாமல் நின்றுபோனது. அந்தக் கணக்கைக் கேட்க வேண்டிய இடம் செனட். மளிகைக் கடைச் சுவரிடம் ஏன் கேட்கிறீர்கள்? மிகை என்ற சொல்லை எங்கேயாவது பயன்படுத்தியே தீர வேண்டுமானால், ‘மருத்துவ நிகழ்வு’ என்று எழுதிய அந்த அறிக்கைக்கு அதைக் கொடுத்துவிடலாம்.