மழை பெய்தாலே வீட்டுக்குள் எறும்பு வருவது ஏன்? எப்படித் தடுப்பது?

மற்ற நாட்களில் கண்ணில் படாத எறும்பு, மழை பிடித்ததும் சுவர் முழுக்க வரிசை கட்டுகிறது, ஸ்பிரே அடித்தாலும் மறுநாள் வேறு மூலையிலிருந்து கிளம்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பிரே அடித்ததால்தான் வேறு மூலைக்குப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எறும்புகள் வாயில் வெள்ளையாக எதையாவது கவ்விக்கொண்டு போகின்றனவா? எங்கள் வீட்டில் எறும்பு வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். செய்ய வேண்டிய வேலை இதை வைத்தே மாறும்.

வெள்ளையாக இருந்தால் அவை தீனி தேடி வரவில்லை, குடிபெயர்கின்றன. மண்ணுக்குள் இருக்கும் அறைகளில் நீர் புகுந்ததும் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும். எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்று பழமொழியே இருக்கிறது. நாம் முட்டை என்று நினைப்பது பெரும்பாலும் புழுவும் கூட்டுப்புழுவும்தான். உண்மையான முட்டை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குப் பொடியானது. குஞ்சுகள் நனையவும் கூடாது, காய்ந்துபோகவும் கூடாது என்பதால் லேசான ஈரப்பதம் உள்ள, நீர் தேங்காத இடமாகப் பார்க்கும். கதவுச் சட்டத்தின் பின்புறம், டைல்ஸ் இடுக்கு, பூந்தொட்டியின் அடி, மடித்து வைத்த துணி அடுக்கு எல்லாம் அவற்றுக்கு மிகவும் பிடித்தவை.

குடிபெயரும் வரிசைக்கு மருந்து கலந்த தீனி வைத்துப் பெரிய பலன் இருக்காது. தூக்கும் வேலையில் இருப்பவை சாப்பிட நிற்பதில்லை. ஆனால் இந்த நேரத்தில் ராணியும் வரிசையோடு நடந்து வரக்கூடும். வேறு எந்த நேரத்திலும் அவள் நம் கைக்கு எட்ட மாட்டாள். சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடித்துத் துடைத்து எடுத்துவிடுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் சுலபம்.

வெறும் தண்ணீர் ஏன் போதாது? எறும்புக்கு உடலின் பக்கவாட்டில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாகத்தான் மூச்சு. தண்ணீருக்குள் அமிழ்ந்தால் அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று நாம் விட்டுவிட்டால் பல மணி நேரம் கழித்துக்கூட உலர்ந்து எழுந்து நடக்கும். சோப்பு கலந்தால் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து, அந்தத் துளைகளுக்குள் நீர் போய்விடுகிறது. நெருப்பு எறும்புகள் இன்னும் ஒரு படி மேல்: வெள்ளம் வந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மிதவையாக மாறிவிடும். நடுவில் காற்று சிக்கிக்கொள்வதால் அந்த மிதவைக்குள் நீர் புகுவதில்லை என்று 2011-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சரி, வாயில் வெள்ளையாக எதுவும் இல்லையென்றால்? அப்போது தீனிக்காகத்தான். செடிகளில் அசுவினி என்னும் பொடிப் பூச்சி சுரக்கும் இனிப்புத் திரவத்தை மழை கழுவிவிடும், எறும்புகள் வழி தெரிவதற்காகத் தரையில் போட்டு வைத்த வாசனைப் பாதையும் அழிந்துவிடும். நனையாத வழி எதுவோ, அதில் உள்ளே வரும்.

இங்கே ஸ்பிரேயை எடுக்கவே எடுக்காதீர்கள். வெளியே திரிபவை கூட்டத்தில் ஒரு சிறு பகுதி. அவற்றைக் கொன்றால் உள்ளே ராணி முட்டையிட்டு ஈடுகட்டிவிடும். ஃபாரோ எறும்பு என்னும் மஞ்சள் நிறப் பொடி எறும்பு போன்ற சில வகைகளில் ஒரே புற்றில் பல ராணிகள் இருக்கும். மருந்து வாடை பட்டதும் கூட்டம் பிரிந்து தனித்தனிப் புற்றுகளாகிவிடும். ஒரு மூலையில் அடித்தால் இன்னொரு மூலையில் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் நம்புவது போரிக் ஆசிட் கலந்த சர்க்கரைத் தண்ணீரைத்தான். ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் எட்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் போரிக் ஆசிட். அளவு கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், நமக்கு அது வேண்டாம். அது புற்றுக்குத் திரும்பிப் போய், வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கும் ஊட்டி, கடைசியில் ராணிக்கும் போய்ச் சேர வேண்டும். பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து, வரிசைக்குப் பக்கத்தில் விடுங்கள். குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடமாக இருக்கட்டும். முதல் நாள் வரிசை இன்னும் பெரிதாகும். பெரும்பாலானவர்கள் பயந்துபோய்த் துடைத்துவிடுவது அப்போதுதான். விட்டுவிடுங்கள், சாப்பிடட்டும். சர்க்கரையைச் சீண்டவே இல்லையென்றால் புற்றில் வளரும் புழுக்கள் அதிகம் என்று அர்த்தமாக இருக்கலாம். அவற்றுக்குப் புரதம் வேண்டும். அதே மருந்தைத் துளி வேர்க்கடலை வெண்ணெயில் கலந்து வைத்துப் பாருங்கள்.

நடமாட்டம் நின்ற பிறகு அந்தத் தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், வாசனை போய்விடும். ஓட்டை அடைப்பது அதற்கும் அப்புறம். முதலிலேயே அடைத்தால் சுவருக்குள் சிக்கியவை வேறு இடுக்கைத் தேடி வெளியே வரும். ஜன்னல் சட்டம், குழாயும் கேபிளும் சுவரைத் துளைக்கும் இடம் ஆகியவற்றுக்கு சிலிகான் சீலன்ட், டைல்ஸ் இடுக்குக்கு வெள்ளை சிமெண்ட். ஈரச் சுவரில் சீலன்ட் ஒட்டாது, சுவர் காயும்வரை பொறுக்கத்தான் வேண்டும். சுவரில் உரசும் மரக்கிளையை வெட்டிவிடுங்கள். அது எறும்புக்குப் போட்டுக் கொடுத்த பாலம்.

பொடி தூவுவதெல்லாம் மழைக்காலத்தில் ஈரத்தில் வீணாகிவிடும். எறும்பு சாக்பீஸ் வேலை செய்யும், ஆனால் அது பூச்சிக்கொல்லி; பார்க்க எழுதும் சாக்பீஸ் போலவே இருப்பதால் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

மழைக்குப் பின் சிறகோடு கிளம்புபவை எல்லாம் எறும்பு அல்ல. இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கை போல மடங்கி இருந்தால் எறும்பு. இடுப்பே இல்லாமல், நான்கு சிறகும் ஒரே நீளமாக இருந்தால் ஈசல், அதாவது சிறகு முளைத்த கரையான். அது விளக்கைத் தேடி வெளியிலிருந்து வந்தால் பரவாயில்லை. உங்கள் சுவரிலிருந்தோ கதவு நிலையிலிருந்தோ கிளம்பினால் எறும்பை மறந்துவிட்டுக் கரையானுக்கு ஆள் கூப்பிடுங்கள்.

ஒன்று மட்டும் விட்டுப்போச்சு: ஸ்விட்ச் போர்டுக்குள் எறும்பு போவதைப் பார்த்தால், அதில் சோப்புத் தண்ணீரோ ஸ்பிரேயோ அடிக்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்துத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.