144 ஹெர்ட்ஸ் மானிட்டர், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் கேம் 60 எஃப்பிஎஸ்ஸைத் தாண்டவில்லையே, ஏன்?

எஃப்பிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம் திரைக்கு வருகிறது என்ற எண். முதலில் அந்த எண் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். வெறும் வானத்தைப் பார்க்கும்போதும், கூட்டமான சண்டையிலும் 60-லேயே அசையாமல் நின்றால், எங்கோ யாரோ வரம்பு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். 47, 58, 71 என்று காட்சிக்குக் காட்சி அலைந்தால் வன்பொருள் திணறுகிறது. இதைப் பிரித்தறியாமல் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போடுவது வீண் வேலை.

அசையாத 60 என்றால் முதல் சந்தேகம் வி-சிங்க் மேல்தான். அது எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டோடு, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கோடு, கட்டிப்போடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் விண்டோஸில் 60-லேயே விட்டிருப்பவர்கள் ஏராளம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் 144-ஐத் தேர்ந்தெடுங்கள். பட்டியலிலேயே 144 இல்லையென்றால் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள், எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கேபிள் மதர்போர்டில் அல்ல, கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

60-க்கும் 30-க்கும் இடையே பொத்தென்று விழுந்து எழுந்தால் அதுவும் வி-சிங்க்கின் கைவரிசைதான். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். 17 ஆனாலும் அடுத்த ரெஃப்ரெஷ் வரை காத்திருக்க வேண்டும், அது 33.3. ஆகவே 30 எஃப்பிஎஸ். டிரிபிள் பஃபரிங் (கூடுதலாக ஒரு ஃபிரேமைத் தயாராக வைத்திருப்பது) அல்லது ஜி-சிங்க், ஃப்ரீ-சிங்க் (மானிட்டரே கார்டின் வேகத்துக்கு ஏற்ப ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றிக்கொள்வது) இதைத் தீர்க்கும்.

வி-சிங்க்கை அணைத்தும் எண் நகரவில்லையா? என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேனேஜ் 3டி செட்டிங்ஸுக்குள் மேக்ஸ் ஃபிரேம் ரேட்டைப் பாருங்கள். குளோபலில் ஆஃப் என்றிருந்தாலும், புரோகிராம் செட்டிங்ஸில் அந்த கேமுக்குத் தனி வரம்பு இருந்தால் அதுதான் செல்லும். ஏஎம்டி கார்டில் ரேடியான் சில் (Radeon Chill) இதே வேலையைச் செய்யும். எஃப்பிஎஸ்ஸைக் காட்டவும் கட்டுப்படுத்தவும் உதவும் ரிவாட்யூனர் மென்பொருள் ஓடினால் ஃபிரேம்ரேட் லிமிட் 0 ஆக இருக்க வேண்டும். லேப்டாப்பில் பேட்டரியைச் சேமிக்க எஃப்பிஎஸ்ஸைக் குறைக்கும் என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் வேறு தன் பங்குக்குப் பிடித்து இழுக்கும்; சார்ஜரைச் செருகிவிட்டுச் சோதியுங்கள். ஜி-சிங்க், வி-சிங்க், ரிஃப்ளெக்ஸ் (தாமதத்தைக் குறைக்கும் என்விடியா வசதி) மூன்றும் சேர்ந்து ஓடும்போது 144 ஹெர்ட்ஸில் 138-ல் நிற்பது கோளாறு அல்ல, வேண்டுமென்றே வைத்த இடைவெளி. எல்டன் ரிங் போல இன்ஜினிலேயே 60 என்று பூட்டிய கேம்களுக்கு எந்த செட்டிங்கும் பயன்படாது.

எண் அலைகிற ரகமென்றால் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டின் சிப்) பயன்பாட்டைத் திரையில் வரவழையுங்கள். 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கார்டு முழுதாக உழைக்கிறது. ஷேடோ, ரே டிரேசிங், ரெசல்யூஷனைக் குறையுங்கள். 60 சதவீதத்திலேயே சோம்பிக் கிடந்தால் பெரும்பாலும் சிபியுதான் தடை. டாஸ்க் மேனேஜரின் மொத்த சதவீதத்தை நம்பாதீர்கள்: 16 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) சிபியுவில் ஒரு திரெட் நிரம்பி வழிந்தாலும் மொத்தத்தில் சுமார் 6 சதவீதம்தான் காட்டும். ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறவில்லையென்றால் சிபியு அல்லது ரேம் என்று உறுதி. புதிய சிபியு வாங்க ஓடும் முன், பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயங்குகிறதா, ரேம் இரண்டு சேனலில் ஓடுகிறதா என்று பாருங்கள். கேமுக்குள் கூட்டத்தின் அடர்த்தியையும் காட்சி தூரத்தையும் குறைத்தால் சிபியு சுமை இறங்கும்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு இறங்கினால், சூடாகி வேகம் குறைகிறதா என்று வெப்பநிலையையும் கிளாக் வேகத்தையும் சேர்த்துக் கவனியுங்கள்.